நாற்பத்தொரு மீட்டர் முப்பது

திருச்செல்வம் என்பது அவர் பெயர். வயது அறுபத்தெட்டு. முப்பத்தாறு ஆண்டுகள் நில அளவையாளராக உழைத்து ஓய்வு பெற்றவர். மலேசியாவின் பொந்தியானில் தனியே வசிப்பவர். காலணியைத் துடைக்காமல் வாசலைத் தாண்டமாட்டார். கடையில் துணி வாங்கினால், கடைக்காரர் அளந்ததைத் தாமே மறுபடியும் அளப்பார். 'கிட்டத்தட்ட' என்று பேசுகிறவரிடம் அவர் இரண்டாம் முறை பேசுவதில்லை. மனிதர்களில் பாதிப் பேர் முட்டாள்கள், மீதிப் பேர் அவர்களை நம்புகிறவர்கள் என்பது அவருடைய முடிவு. பேய் என்று எவரேனும் வாயெடுத்தால், "எத்தனை அடி உயரம்?" என்று கேட்டுச் சிரிப்பார்.

அவருக்குத்தான் இது நடந்தது. சென்ற ஆண்டு, ஆகஸ்டு மாதம், ஒரு வியாழக்கிழமை. இங்குள்ள நேரங்கள் யாவும் அவருடைய குறிப்பேட்டில் அவரே எழுதியவை.

பொந்தியானுக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு சதுப்புநிலப் பூங்கா உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், அந்தக் கடலைத் தூர்த்து அடுக்குமாடிகள் எழுப்ப ஒரு நிறுவனம் வந்தது. மீனவர்கள் மறித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூட மனுவில் கையெழுத்திட்டார்கள். அரசு அவ்விடத்தைப் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக அறிவித்தது. திருச்செல்வத்துக்கு அதில் எள்ளளவும் மதிப்பில்லை. "நண்டுக்கும் குரங்குக்கும் ஒரு பங்களா" என்பார்.

ஆயினும் அதன் எல்லையை அளந்தவர் அவரே. மேற்கு மூலையில், சேற்றுக்குள், ஒரு பழைய எல்லைக்கல் இருக்க வேண்டும். கல் இருந்தால் அதுவரையுள்ள காடு பூங்காவுக்குச் சேரும். இல்லையேல் அந்த நிலத்துண்டு நிறுவனத்துக்கு. 'கல் காணப்படவில்லை' என்று அவர் அன்று எழுதினார். வழக்கு இத்தனை ஆண்டுகள் இழுத்தது. இப்போது நிறுவனம் கேட்டது ஒன்றே ஒன்று: அதை உறுதிசெய்து, திங்கட்கிழமைக்குள் ஒரு கடிதம். அவர் கையெழுத்திட்டால் மறுமாதமே மரங்கள் விழும்.

இடத்தைப் பாராமல் கையெழுத்திடுவது அவர் வழக்கமன்று. ஒரு படம் எடுத்து இணைத்துவிட்டால் போயிற்று என்று புறப்பட்டார்.

மாலை 5.10. வாயிற்காவலர் மூர்த்தி எழுந்து வந்தார்.

"அங்கிள், ஆறரைக்கு கேட்டு சாத்திடுவோம் லா. தனியாவா போறீங்க?"

"நான் உனக்கு அங்கிள் இல்ல. துணைக்கு யானையா கொண்டு வரணும்?"

"இல்ல சார், டேப்பு வெச்சிருக்கீங்களே... அந்தப் பக்கம் புடிக்க ஆளு வேணும்னா நான் வர்றேன்."

"நீயா? முதல்ல சட்டைப் பொத்தான ஒழுங்கா போடு. டேப்பு புடிக்கிறத அப்புறம் பாக்கலாம்."

பலகை நடைபாதையில் ஒரு குடும்பம் மரவேர்களோடு தற்படம் எடுத்துக்கொண்டிருந்தது. 'காடு உறங்குகிறது, மெல்லப் பேசுங்கள்' என்றது ஓர் அறிவிப்புப் பலகை. திருச்செல்வம் வேண்டுமென்றே செருமிக்கொண்டு நடந்தார்.

5.34. நடைபாதையின் கடைசி மேடை. ஒருவரும் இல்லை. நீர் வற்றியிருந்தது. பழைய வரைபடத்தின்படி, மேடையை ஒட்டி நிற்கும் பழைய படகுத்துறைத் தூணிலுள்ள ஆணியிலிருந்து கல்லுக்கு நாற்பத்தொரு மீட்டர் முப்பது.

ரப்பர்க் காலணி அணிந்து சேற்றில் இறங்கினார். முப்பது மீட்டர் போவதற்குள் சேறு முழங்காலைப் பிடித்தது. இதற்கு மேல் போக அவருக்கு மனமில்லை. படத்தில் எந்தச் சேறும் சேறுதான். அளவு நாடாவின் முனை வளையத்தை அங்கிருந்த பாக்காவ் என்னும் அலையாத்தி மரம் ஒன்றின் வேரில் நைலான் கயிற்றால் கட்டினார். இரட்டை முடிச்சு. நாடாவை விரித்துக்கொண்டே மேடைக்குத் திரும்பினார்.

5.52. ஆணியருகே நாடா காட்டிய அளவு 29.80. நாடா சேற்றின்மேல் தளர்ந்து கிடந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், எல்லையை அளந்த அன்றும் இதே தூணருகில்தான் நின்றார். மறுமுனையைப் பிடித்திருந்தவர் செல்லப்பன்; பத்தொன்பது ஆண்டுகளாக அவருக்கு நாடா பிடித்தவர். அன்று மழை. கடல் ஏறிக்கொண்டிருந்தது. "சார், கல்லு இருக்கு! கால்ல தட்டுது!" என்று செல்லப்பன் கத்தினார். குடைக்குள் நின்ற திருச்செல்வம், "உன் காலு என்ன அளவுக் கருவியா?" என்று திருப்பிக் கத்தினார். அப்போது இடி இடித்தது. அளவைப் பாராமலே காருக்குப் போய்விட்டார்.

அத்தொழிலில் ஒரு முறை உண்டு. மறுமுனையில் இருப்பவர் நாடாவை இருமுறை சுண்டினால் 'பிடித்துவிட்டேன்' என்று பொருள். அளவைப் பார்த்தவர் 'சரி' என்று குரல் கொடுக்க வேண்டும். அதன் பிறகே மறுமுனைக்காரர் முனையோடு நடந்து வருவார். அதுவரை விடக்கூடாது, அசையவும் கூடாது. அன்று குரல் கொடுக்க எவரும் இல்லை. மார்பளவு நீரில் நின்ற செல்லப்பனை ஒரு மீன்படகு ஏற்றிவந்தது. மறுநாளே அவர் வேலையை விட்டுத் தம் ஊரான சிம்பாங் ரெங்கத்துக்குப் போய்விட்டார். 'போகட்டும், மடையன்' என்று நினைத்ததோடு திருச்செல்வம் அவரை மறந்தார்.

5.58. சேற்றில் துள்ளிக்கொண்டிருந்த சிறுமீன்கள் ஒன்றையும் காணவில்லை. வேர்களுக்கிடையே ஓயாமல் கேட்ட 'டக்... டக்...' ஒலியும் நின்றிருந்தது. வெயில் இன்னும் இருந்தது. காற்று மட்டும் இல்லை.

படம் எடுக்கக் கைப்பேசியை உயர்த்தினார்.

6.03. நாடா அசைந்தது.

நீரோட்டம் என்று நினைத்தார். ஆனால் அங்கே நீரே இல்லை.

நாடா மெல்லச் சேற்றிலிருந்து எழுந்தது. நேராயிற்று. பிறகு கையிலிருந்த சுருள் சுழலத் தொடங்கியது. கர்ர்ர்... முப்பத்திரண்டு... முப்பத்தைந்து... யாரோ முனையைப் பிடித்துக்கொண்டு கடலை நோக்கி நடப்பதுபோல, ஒரே சீராக... முப்பத்தொன்பது...

நின்றது.

ஆணியருகே குனிந்து பார்த்தார்.

நாற்பத்தொரு மீட்டர் முப்பது.

மறுமுனையில் வேர்களின் நிழல்தான் தெரிந்தது. ஆள் இல்லை.

நாடா சுண்டியது.

ஒருமுறை... இன்னொரு முறை.

"சரி!"

கத்தியது அவருடைய வாய்தான். முப்பத்தாறு ஆண்டுப் பழக்கம். அறிவு தடுக்குமுன் வாய் சொல்லிவிட்டது.

நாடா தளர்ந்தது.

சளக்...

6.05.

சளக்... சளக்...

சேற்றில் குழிகள் விழுந்தன. ஒன்றன்பின் ஒன்றாக. மேடையை நோக்கி.

அவர் சுருளைச் சுற்றினார். நாடா தடையின்றி வந்தது. குழிகளும் அதே வேகத்தில் வந்தன.

இருபது மீட்டர்.

பத்து.

மூன்று...

மேடைப் படியின் கீழ் ஒலி நின்றது.

முனை வளையம் அவர் உள்ளங்கைக்குள் வந்து விழுந்தது. அதில் கட்டிய கயிறும் இல்லை, துளிச் சேறும் இல்லை.

வெதுவெதுப்பாக இருந்தது.

6.21-க்கு வாயிலை அடைந்தார். எப்படி அடைந்தார் என்பது குறிப்பேட்டில் இல்லை.

"உள்ள வேற யாரு?" என்றார்.

"யாரும் இல்ல சார். அந்த பேமிலி அப்பவே போயிட்டாங்க. நீங்கதான் கடைசி. ஏன் சார், குரங்கு தொரத்துச்சா?"

இரவெல்லாம் யோசித்தவருக்கு, விடியும்போது ஒரு விடை கிடைத்தது. அந்தச் செல்லப்பன்தான்! செய்தி அறிந்து, வேர்களுக்குள் ஒளிந்திருந்து விளையாடியிருக்கிறான். அற்பப் பயல்! கன்னத்தில் அறைவதென்றே சிம்பாங் ரெங்கத்துக்குக் காரை ஓட்டினார்.

கதவைத் திறந்தவள் ஓர் இளம்பெண். செனாயிலுள்ள ஒரு தொழிற்சாலையின் சீருடையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். செல்லப்பனின் மகள், லோஷினி.

"உங்கப்பன கூப்பிடு. திருச்செல்வம் வந்திருக்கேன்னு சொல்லு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஓ... குடை சாரா நீங்க? வீட்டுல உங்களுக்கு அதான் பேரு."

"நேத்து சாயங்காலம் அவன் எங்க இருந்தான்?"

"அப்பா செத்து எட்டு மாசமாச்சு சார்."

திருச்செல்வம் வாசற்படியிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

"உங்களப் பாத்தா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் லோஷினி. "ஆஸ்பத்திரியில கடைசி மூணு நாளும் வலது கைய மடக்கி இடுப்புகிட்டயே வெச்சிருந்தாரு. நர்சுங்க ரெண்டு பேரு பிரிச்சுப் பாத்தாங்க, முடியல. 'கைய விடுங்கப்பா'ன்னு அழுதேன். 'சார் இன்னும் சரி சொல்லல'ங்கிறாரு. திரும்பத் திரும்ப அதேதான். மூடின கையோடதான் எரிச்சோம். என்ன சார் அது? என்ன சொல்லாம விட்டீங்க?"

வெளியே தொழிற்சாலைப் பேருந்து ஒலியெழுப்பியது. அவள் போகவில்லை; பதிலுக்காக நின்றாள்.

திருச்செல்வம் பேசினார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து ஒலித்ததை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"ஒரு கல்லு இருக்குன்னு அவரு சொன்னாரும்மா. நான் நம்பல. அளவ பாத்து 'சரி'ன்னு சொல்லாமலே போயிட்டேன். இல்லைன்னு எழுதிட்டேன். கல்லு அங்கதான் இருக்கு. திங்கக்கிழம அப்படியே எழுதிக் குடுக்கப் போறேன்."