பொட்டு வைத்த ரேடியோ

எங்கள் வீட்டில் பழைய ரேடியோக்களுக்குத் தனி அறை உண்டு, எனக்குத்தான் இல்லை. பாட்டு கேட்பதற்காக நான் அவற்றைச் சேர்க்கவில்லை. முள் வளைவாக நகர்ந்து ஸ்டேஷனைக் காட்டுமே, அந்த டயல் கண்ணாடிக்காகச் சேர்க்கிறேன். நீளப் பட்டையில் முள் ஓடும் சாதாரண ரேடியோவைச் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டேன். அவ்வளவு திமிர்.

போன ஆயுத பூஜைக்குச் சற்று முன்னால், பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் பரணிலிருந்து ஒன்றை இறக்கி, பாட வைத்தும் காட்டினார். விரித்த விசிறி போன்ற டயல். வளைவாக ரங்கூன், கொழும்பு, திருச்சி என்று ஊர்ப் பெயர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன். என்னைப் போலவே ரேடியோப் பித்துப் பிடித்த வேடசந்தூர் நண்பரை அழைத்து, “பூஜையன்னைக்கு வாங்க, வயிறெரிஞ்சு போவீங்க” என்றேன்.

தூசி தட்டுவதற்காகக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தேன். இந்தக் கண்ணாடிகளில் எழுத்து பின்பக்கம் இருக்கும். ஈரம் பட்டால் உரிந்துவிடும். ரேடியோ சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். என் மனைவிக்கு எப்படித் தெரியும்? பூஜைக்கு முதல் நாள் அரிவாள்மனையிலிருந்து ஸ்கூட்டர் வரை கழுவியவள் அதையும் விடவில்லை.

“எம்புட்டு அழுக்கு! செத்த நேரம் சோப்புத் தண்ணில ஊறப் போட்டேன், அம்புட்டும் போயிருச்சு” என்று பெருமையாக நீட்டினாள்.

ரங்கூனும் கொழும்பும் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தன. கத்தினேன். அழுகையும் வந்தது, சொல்வதற்கென்ன. நாளை நண்பரிடம் எதைக் காட்டுவேன்? வெறும் கண்ணாடியை ரேடியோவில் மாட்டிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மனைவி முன்னால் உட்கார்ந்து குமிழைத் திருகி, ஸ்டேஷன் தெளிவாகக் கேட்கும் இடத்திலெல்லாம் முள் நுனிக்கு நேராகச் சந்தனப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இட்டிருந்தாள்.

“இது திருச்சி. இது மதுரை. இது என்னமோ இந்தி, அதுக்கு வெறும் சந்தனந்தான்” என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் நண்பர் வந்தார். மற்ற ரேடியோக்கள் பக்கம் திரும்பவே இல்லை. அதன் முன்னாலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“இப்படி ஒரு டயல நான் எங்கயுமே பாத்ததில்ல. என் ரேடியோ ஒண்ணுக்கும் வச்சுத் தாரியா தங்கச்சி?”

“தாரேண்ணே. ஆனா கண்ணாடிய நான்தான் கழுவுவேன்.”

நண்பர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.