சின்னக் கையெழுத்து

அந்தாளை நான் மன்னிக்கல்ல. மன்னிக்கிறது நல்லதுதான், ஆனா எனக்கு இன்னும் வயிறெரியுது.

கல்முனையில என்ட வீட்டு முன்னறையிலதான் கம்பனியைத் தொடங்கினன். வயல்காரர் போன்லயே நெல்லு வெட்டுற மெசினை வாடகைக்குப் பிடிக்கிற செயலி. ஒரு போகத்துலயே அக்கரைப்பற்று வரைக்கும் பரவிற்று. வளர்க்கக் காசு வேணும். பேங்குக்குப் போனா வட்டி, ஹறாம். அப்பதான் கொழும்பிலருந்து அந்த முதலீட்டாளர் வந்தார். "கடனில்ல தங்கச்சி, பங்கு. முப்பது வீதம் தாங்க, ஒரு கோடி போடுறன்" எண்டார்.

பங்கு எண்டதும் விழுந்திட்டன். எங்கட ஊரில பங்குக்கு வயல் செஞ்சா வெள்ளம் ரெண்டு பேரையும்தான் அடிக்கும். இதுவும் அப்படித்தான் எண்டு நெனச்சி, பிஸ்மி சொல்லிப் பேனையை எடுத்தன். பதினெட்டாம் பக்கத்துல, கம்பனியை வித்தா அவர் போட்டதுல ரெண்டு மடங்கை முதல்ல அவர் எடுப்பார் எண்டு கிடந்தது. "இதென்ன?" எண்டு கேட்டன்தான். "அது வழமை தங்கச்சி. பக்கத்துக்குப் பக்கம் சின்னக் கையெழுத்து ஒண்டு போடுங்க" எண்டு சிரிச்சார். அல்லாவே, அந்தச் சிரிப்பு!

வியாபாரம் கொஞ்சம் படுத்ததும் அவரே ஆள் பிடிச்சி ரெண்டு கோடிக்கு வித்தார். மறுக்க எனக்கு உரிமையில்ல, அதுக்கும் கையெழுத்து வச்சிருக்கன். ரெண்டு கோடியையும் அவர் வழிச்செடுத்தார். எழுபது வீதக்காரி எனக்கு ஒரு சதமும் இல்ல.

அழுது முடிச்சி அந்த ஒப்பந்தத்தை வரி வரியாப் படிச்சன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படிக்கல்ல.

போன மாசம் பாலமுனையில ஐஸ் போட்டு மீன் அனுப்புற கம்பனிக்காரர் ஒருத்தர் என்ட கதையைக் கேள்விப்பட்டு, ஒப்பந்தக் கடதாசிக் கட்டோட வந்தார். "ராத்தா, கொழும்பிலருந்து ஒருத்தர் பங்குக்கு வாறார். பாத்துச் சொல்லுங்க." பேரைப் பாத்தன். அதே ஆள். அல்ஹம்துலில்லாஹ்!

கையெழுத்து வைக்கிற அண்டு நானும் பக்கத்துல கதிரை போட்டு இருந்தன். என்னைக் கண்டதும் அந்தாள்ர முகம் கறுத்திட்டு. பாலமுனை மீன் தாறன் எண்டு கொழும்பு ஹோட்டல்காரருக்கு அந்தாள் ஏற்கனவே வாக்குக் குடுத்திருந்தார், அந்த அவசரம் எனக்குத் தெரியும்.

"இந்த ரெண்டு மடங்கு என்னத்துக்கு?" எண்டன்.

"அது வழமை."

"எங்கட வழமையில பங்கெண்டா நட்டமும் பங்கு. வெட்டுங்க."

அந்தாள் பாலமுனைக்காரரைப் பாத்தார். "ராத்தா ஓம் எண்டாத்தான் நானும் ஓம்" எண்டார் பாலமுனைக்காரர்.

அந்தாள் பல்லைக் கடிச்சிட்டு தன்ட பேனையாலேயே அந்த வரியை வெட்டினார். எழும்பப் போனார்.

"இருங்க" எண்டன். "வெட்டின இடத்துல சின்னக் கையெழுத்து ஒண்டு போடுங்க. அது வழமை."