இயக்கம் என்றொரு சொல்லும் ஒரு மருத்துவ வண்டியும்

மதுரையில் யாரிடமாவது "ஆறுதலா வாங்கோ" என்று சொன்னால் அவர்கள் முகம் ஒரு கணம் மாறும். எங்களூரில் அதற்கு, அவசரப்படாமல் மெதுவாக வாருங்கள் என்று பொருள். இங்கே ஆறுதல் என்பது துக்க வீட்டில் சொல்வது. வந்த புதிதில், எங்கள் அகதி முகாம் இருக்கும் ஆனையூரில் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் எனக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தபோது, "ஆறுதலா தாங்கோ அண்ணை" என்றேன். அவர் தேடுவதை நிறுத்திவிட்டு, "வீட்ல யாரும் தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். நான் சிரித்து விளக்கினேன். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "சிலோனா?" என்றார். ஊரில் இருக்கிற உங்களுக்கும், கடல் கடந்து எங்கெங்கோ போய்விட்டவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிற மௌனத்தைப் பற்றித்தான். நாங்கள் படகில் வந்திறங்கியபோது எங்களுக்குச் சோறும் பாயும் கொடுத்த மண் இது. ஒரு பெரிய தலைவர் இங்கே கொல்லப்பட்ட பிறகு அதே மண் எங்களைப் பார்க்கிற விதம் வேறாகிவிட்டது. யாரும் திட்டவில்லை. பேச்சைக் கேட்டதும் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

பருத்தித்துறைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கிலம் படிப்பித்தேன். அங்கே நான் "ரீச்சர்". இங்கே "டீச்சர்" ஆனது, ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இயங்கிய சிறிய சேவை அமைப்பில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த பிறகு. அதை நடத்தியவர் ஜனார்த்தனன், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. சௌராஷ்டிரக் குடும்பம். முன்னூறு நானூறு வருடங்களுக்கு முன்னே மதுரைக்கு வந்த சனம் என்றாலும் வீட்டுக்குள் அவர்களுடைய மொழிதான். அவர் தொலைபேசியில் மனைவியோடு பேசும்போது ஒரு சொல்லும் எனக்கு விளங்காது. விளங்காத பேச்சு நடக்கிற அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தன்னைப் பற்றியது என்றே தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

அமைப்பிடம் ஒரு பழைய வேன் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் ஒரு மருத்துவரும் பாண்டியம்மாள் என்ற நர்ஸும் அதில் நகரத்துச் சேரிகளுக்குப் போய் வருவார்கள். மழை தவறிய அந்த வருடங்களில் கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து, எங்கள் பக்கமும் வரக்கூடாதா என்று கேட்டார்கள். அதற்கு இன்னொரு வண்டி வேண்டும், மருந்து வேண்டும். என் ஆங்கிலக் கடிதமொன்றைப் படித்த ஜனார்த்தனன், "டீச்சர், வெளிநாட்டுல உதவி கொடுக்கிறவங்க யாரு யாருன்னு நீங்க தேடிப் பாருங்க" என்றார். அப்படித்தான் நான் ஒரு கல்லூரி நூலகத்தில் தடித்த டைரக்டரியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். யார் கிணறு வெட்டத் தருவார்கள், யார் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் தருவார்கள், யார் உள்ளூரில் ஒரு பங்காளி அமைப்பு இல்லாமல் கடிதத்தைப் பிரித்தே பார்க்க மாட்டார்கள் என்று ஒவ்வொன்றையும் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டேன். எழுத எழுதச் சந்தேகம்தான் வளர்ந்தது. எங்கோ குளிர்நாட்டில் இருக்கிற ஒருவருக்குக் கொட்டாம்பட்டிக் காய்ச்சலில் என்ன அக்கறை? ஊரில் கோயில் மடத்தில் அகதிகளுக்குச் சமைத்தபோது அரிசி தந்தவரை எனக்குத் தெரியும், அவருக்கு என்னைத் தெரியும். இங்கே முகம் தெரிந்த ஏழையைக் கூட நான் "பயனாளி" என்று எழுத வேண்டியிருந்தது.

அட்டைகளை அடுக்கிப் பார்த்ததில் டென்மார்க்கில் இருந்த ஒரு சிறிய நிறுவனம்தான் பொருந்தியது. எழுதினேன். எத்தனை குடும்பங்கள், எவ்வளவு தூரத்தில் ஆஸ்பத்திரி என்ற விவரம் கேட்டுப் பதில் வந்தது. நானும் பாண்டியம்மாளும் மேலூர் வழியாகப் போகும் பஸ் ஏறி ஊர் ஊராகப் போனோம். முதல் தெருவிலேயே ஒரு பெண் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "எம்புட்டுப் பேருன்னு எதுக்குக் கேக்குறீங்க? ரேசன் கார்டுல பேரை வெட்டவா?" என்றாள். இன்னொருத்தி கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துப் பின்வாசலால் போய்விட்டாள். பாண்டியம்மாள் அந்தப் பக்கத்துப் பெண். அவள் உரிமையோடு சத்தம் போட்டால்தான் கதவுகள் திறந்தன. நான் வாயைத் திறந்தால் மூடிக்கொண்டன.

வெயில் தாழ்ந்ததும் ரோட்டோர டீக்கடை ஒன்றில் உட்கார்ந்தோம். கடைக்காரர் கருப்பையா என் நோட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரும்மா உங்களுக்கு?"

"மதுரை" என்றேன்.

"பேச்சு மதுரை இல்லையே."

பாண்டியம்மாள் முந்திக்கொண்டாள். "டீச்சர் சிலோன்ண்ணே. நம்ம இயக்கத்துக்கு இவங்கதான் எல்லாம். வெளிநாட்டுல இருந்து பணம் எடுத்துத் தர்றதே இவங்கதான்னா பாத்துக்கங்களேன்."

நான் பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்தேன். மதுரையில் சேவை செய்கிற எல்லாரும் தங்கள் அமைப்பை இயக்கம் என்பார்கள். பெண்கள் இயக்கம், எழுத்தறிவு இயக்கம், மரம் நடுவோர் இயக்கம். எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு, துப்பாக்கி ஏந்தியவர்கள். அதைக் குரலைத் தாழ்த்தாமல் நாங்கள் சொன்னதில்லை. பாண்டியம்மாள் அதைப் பொதுவழியில், பஸ்ஸுக்குக் காத்திருந்த நாலு பேர் முன்னால், பெருமையோடு சொல்லிவிட்டாள். கருப்பையா டம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டார்.

நாலு நாள் கழித்து அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, காக்கி நிறத்தில் பேன்ட், காலில் போலீஸ் பூட்ஸ். மரியாதையாகத்தான் பேசினார். "இயக்கத்துக்கு வெளிநாட்டுல இருந்து பணம் வருதாமே" என்றார். இது மருத்துவ வண்டிக்கு என்றேன். "வண்டி எங்க போகும்? ராமேஸ்வரம் பக்கமா?" என்று கேட்டார். கொட்டாம்பட்டிக்கு என்றேன். "மருந்து எங்க போகும்?" அதற்கும் கொட்டாம்பட்டி என்றேன். அவர் நம்பினாரா இல்லையா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் எழுதி வைத்திருந்த அட்டைகள் முழுவதையும், டென்மார்க்கிலிருந்து வந்த கடிதங்களையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

அவர் போனதும் ஜனார்த்தனன் எழுந்தார். உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தார். நீண்ட நேரம் அவருடைய மொழியில் பேசினார். அதற்குள் "டீச்சர்", "சிலோன்", "போலீஸ்" என்ற மூன்று சொற்கள் மட்டும் கூழாங்கற்கள் போல வந்து விழுந்தன. வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாள் வராதீங்க டீச்சர். நானே சொல்லி அனுப்புறேன்" என்றார். அவ்வளவுதான், இவர் கை கழுவிவிட்டார் என்று முடிவு செய்துகொண்டு படியிறங்கினேன்.

முகாமில் என் கணவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊரில் நில அளவையாளரிடம் உதவியாளராக இருந்தவர், இங்கே வீடுகளுக்கு வெள்ளையடிக்கப் போகிறார். கையிலிருந்த சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே கேட்டார். "ஏனப்பா உமக்கு இந்த வேலை? வெள்ளைக்காரருக்குக் கடிதம் எழுதியோ நாங்கள் சீவிக்கவேணும்? நாளைக்கு வேற முகாமுக்கு ஏத்தினால் பிள்ளையின்ரை படிப்பு என்னாகும்?" சந்தேகம் விழுந்த ஆட்களைக் கொண்டுபோய் அடைக்கிற தனி முகாம்கள் இருந்தன. அங்கே போனவர்கள் எப்போது திரும்பினார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மகள் மதி ஏழாம் வகுப்பில் இருந்தாள். அவளை அந்தப் பள்ளியில் சேர்க்க நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த இரண்டு வாரமும் நான் யாரையும் நம்பவில்லை. போலீசில் சொன்னது பாண்டியம்மாளாக இருக்கலாம், என் வேலை மேல் அவளுக்குக் கண் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி கொடியில் துணி எடுக்க வந்தால் கூட எதற்கு வருகிறாள் என்று பார்த்தேன். ஜனார்த்தனன் என்னைக் காட்டிக்கொடுத்துத் தன் அமைப்பைக் காப்பாற்றிக்கொண்டார் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஒருநாள் மதியம் அவருடைய ஸ்கூட்டர் முகாம் வாசலில் வந்து நின்றபோது, பின்னால் ஜீப் வருகிறதா என்றுதான் முதலில் எட்டிப் பார்த்தேன்.

"டென்மார்க்ல இருந்து, நமக்கு லெட்டர் போட்ட அந்தம்மா வந்துட்டாங்க டீச்சர். லாட்ஜுல இருக்காங்க. அவங்க கேக்குறதுக்கு என்னால பதில் சொல்ல முடியல. உங்க அட்டையெல்லாம் வாங்கிட்டு வந்துட்டேன்" என்று அந்தத் துணிப்பையை நீட்டினார்.

"போலீசில எப்பிடித் தந்தவை?" என்றேன்.

"இவங்களுக்கு நான் பொறுப்புன்னு எழுதிக் கொடுத்தேன். அன்னிக்கே வீட்டுக்குப் போன் பண்ணி அவகிட்டக் கேட்டேன், உன் தம்பி வக்கீலாச்சே, டீச்சரை உள்ள வச்சுட்டா என்ன பண்றதுன்னு."

நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். அவர் உண்மைதான் சொல்கிறாரா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சந்தேகத்துக்கு அவரே இடமும் தந்தார். தயங்கித் தயங்கி, "ஒண்ணே ஒண்ணு. நீங்க சிலோன்னு அந்தம்மாகிட்டச் சொல்ல வேணாம். தெரிஞ்சா சர்க்கார் அனுமதி, அது இதுன்னு இழுக்கும்" என்றார்.

வந்திருந்தவர் பெயர் கிர்ஸ்டன். என் வயதுதான் இருக்கும். அவரும் எங்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார். முப்பது வீட்டு விவரமும் ஏன் ஒரே கையெழுத்தில் இருக்கிறது, மேசையில் உட்கார்ந்து எழுதியதா என்று கேட்டார். வீடு வீடாகப் போய் நான்தான் எழுதினேன் என்றேன். "அப்படியானால் நீங்கள் உள்ளூர்க்காரரா?" என்றார். ஜனார்த்தனன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் டீக்கடையில் ஒரு தடவை "மதுரை" என்று சொல்லிப் பட்டது நினைவுக்கு வந்தது. இல்லை, நான் அகதி, என் பெயர் பதிவாகியிருப்பது இன்னொரு நாட்டில் என்றேன். கிர்ஸ்டன் தன் புத்தகத்தில் எதையோ எழுதினார். பிறகு, அந்த வீடுகளுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

கொட்டாம்பட்டியில் இந்த முறை கதவுகள் திறந்தன. வெள்ளைக்காரம்மாவைப் பார்க்கத் திறந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாண்டியம்மாள் அவரைக் குழந்தைகளிடம் கூட்டிப் போனபோது, கருப்பையா தன் கடையிலிருந்து என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"நாந்தாம்மா சொன்னேன்" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

"போலீசுல. சிலோனு, இயக்கம், பணம்னு மூணையும் ஒண்ணாக் கேட்டா பயம் வராதா? நாளைக்கு ஏதாச்சும்னா எங்க ஊருப் பயலுகளையுமில்ல இழுத்துட்டுப் போவாங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. வண்டி வருமா வராதா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம் உண்டு, அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்து ஒழுங்கையில் ஒருநாள் ஒரு மனிதர் கையில் கொப்பியோடு வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். நிவாரணத்துக்குப் பதிவு என்றார். மட்டக்களப்புப் பக்கத்துப் பேச்சு. பின்னேரம் சைக்கிளில் வந்த இயக்கத்துக்காரர் இரண்டு பேர் என்னிடம், "ரீச்சர், அவரைத் தெரியுமோ?" என்று கேட்டார்கள். "தெரியாது. கதை எங்கடை பக்கத்துக் கதை இல்லை" என்றேன். பேச்சு வேறு, அவ்வளவுதான் சொன்னேன். அவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் கொப்பியில் எங்கள் வீட்டுப் பெயரும் இருந்தது. அவர் திரும்பி வந்தாரா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

கருப்பையாவுக்கு, "வரும் அண்ணை" என்று மட்டும் சொன்னேன். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டு, "அட, அழாதீங்கம்மா" என்று டீ போட்டுத் தந்தார். அன்றைக்குத்தான் அந்தக் கடையில் ஒரு டீயை முழுதாகக் குடித்தேன்.

ஒரு வருடத்துக்கு மேல் இழுத்து, அனுமதிகள் எல்லாம் கிடைத்து, வண்டி வந்தது. ஒப்பந்தத்தில் என் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. உள்ளூர்ப் பங்காளி என்ற இடத்தில் ஜனார்த்தனன் கையெழுத்துப் போட்டார். அது என்னைக் காக்கவா, தன்னைக் காக்கவா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியாது. இரண்டுமாக இருக்கலாம். வண்டி தொடங்கிய நாளில் கொட்டாம்பட்டி ரோட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். என்னை முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். முகாமில் அன்று மாலை ஆள் கணக்கெடுப்பு. அந்த நேரத்தில் இல்லாவிட்டால் அகதி அட்டையிலிருந்து பெயர் போய்விடும். முதல் நோயாளியாக ஒரு கர்ப்பிணிப் பெண் வண்டியில் ஏறுவதை ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தேன். மதுரை பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

ஆனையூரில் வரிசை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. மூச்சு வாங்க ஓடிப்போய் என் கணவருக்கும் மகளுக்கும் நடுவில் நின்றேன். அலுவலர் குடும்ப எண்ணைச் சொல்லி ஒவ்வொரு பெயராக வாசித்தார். கணவர் ஊர்ப்பேச்சில் "ஓம்" என்றார். மதி, "இருக்கேன் சார்" என்றாள், இந்த ஊரிலேயே பிறந்தவள் போல. என் பெயர் வந்தது. இரண்டில் எதைச் சொல்வது என்று நான் வாயைத் திறப்பதற்குள், அவர் என் பெயரில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த குடும்பத்துக்குப் போயிருந்தார்.