அப்பா விழுங்க மறுத்த மூன்று ஸ்பூன் தண்ணீர்

எங்கள் அப்பா அடி அண்ணாமலையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். படிப்பைப் பாதியில் விட்டு, மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டும் வேலையைக் கற்று, திருவண்ணாமலையில் சொந்தக் கடை போட்டார். கிணற்று மோட்டார் எரிந்து பயிர் வாடுகிறது என்று யாராவது வந்து நின்றால், சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்காருவார். நேர்மையானவர், உழைப்பாளி. பிடிவாதக்காரர் என்பதையும் எழுதாவிட்டால், இது வேறு யாரைப் பற்றியோ என்று உறவினர்கள் நினைத்துவிடுவீர்கள்.

பக்கவாதம் வந்தபோது வலது கையும் காலும் பேச்சும் போயின. விழுங்கவும் முடியவில்லை. மூக்கில் குழாய் போட்டு அதன் வழியாகப் பாலும் கஞ்சியும் ஊற்றினோம். தொண்டைத் தசை வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், செய்யாவிட்டால் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்றார் மருத்துவர். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார்.

பரிசோதனை நாளன்று ஊரெல்லாம் கூட்டம். ஆட்டோ நகரவில்லை. அம்மா வழி முழுக்கக் கூட்டத்தைத் திட்டிக்கொண்டே வந்தார்.

விழுங்கும் பயிற்சி தரும் பெண் அப்பாவின் தாடைக்குக் கீழே மூன்று வில்லைகளை ஒட்டி, ஒயர்களை மாட்டினார். தசை இறுகினால் திரையில் கோடு எழும்பும் என்றார். அப்பா இடது கையால் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்து, இணைப்பு சரிதான் என்று தலையாட்டிய பிறகுதான் வேலை தொடங்கியது.

புரையேறாமல் இருக்கக் கெட்டியாக்கிய தண்ணீரை அந்தப் பெண் ஒரு ஸ்பூன் கொடுத்தார். அப்பா வாயில் வைத்திருந்து, நிதானமாகத் துண்டில் வழிய விட்டார். கோடு அசையவில்லை. இரண்டாவது ஸ்பூனும் மூன்றாவதும் துண்டுக்கே போயின.

அந்தப் பெண் அப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கோடு தானாகவே ஒரு துள்ளு துள்ளியது. அப்பா எச்சிலை விழுங்கியிருந்தார்.

"தசை நல்லாத்தாங்க வேலை செய்யுது. ஐயாதான் செய்ய மாட்டேங்கறாரு" என்றார் அந்தப் பெண்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அன்று பௌர்ணமி. கிரிவலம் முடியும்வரை அப்பாவின் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. முப்பது வருடப் பழக்கம். கூட்டத்தில் ஒரு மணி நேரம் மாட்டியும் எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. காலையில் அம்மா குழாயில் ஊற்றிய பாலுக்கு மட்டும் ஏன் மறுப்பு இல்லை? மூக்கு வழியாகப் போவதை அப்பா சாப்பாடாகவே மதிக்கவில்லை.

அம்மா குனிந்து, "ஏங்க, உங்களுக்குப் பதிலா நான் சுத்திட்டு வரேன். நீங்க முழுங்குங்க" என்றார்.

அம்மாவின் முழங்காலை அப்பா ஒரு முறை பார்த்தார். சந்தேகம்தான். பிறகு வாயைத் திறந்தார். கோடு எழும்பியது. அம்மா அன்று மாலையே பதினான்கு கிலோமீட்டரையும் நடந்து முடித்தார். நானும் உடன் போனேன்.

சில வாரப் பயிற்சிக்குப் பின் மூக்குக் குழாயை எடுத்தார்கள். அதன்பின் பதினோரு மாதம் அப்பா வாயாலேயே சாப்பிட்டார். இரண்டாவது முறை வந்த பக்கவாதம் ஒரே நாளில் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அந்தப் பதினோரு மாதத்தை எங்களுக்குக் கொடுத்த மருத்துவருக்கும், பொறுமையாகத் துண்டு மாற்றிய அந்தப் பெண்ணுக்கும், தூக்கவும் இறக்கவும் தோள் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அம்மாவின் சமையலை அப்பா ஒரு நாளும் வாய்விட்டுப் பாராட்டியதில்லை. ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு முறை விழுங்க வேண்டும் என்பது பயிற்சியின் விதி. அம்மா ஊட்டிய கத்தரிக்காய்க் குழம்புச் சோற்றுக்கு மட்டும் அப்பா மூன்று முறை விழுங்குவார். அம்மா அதை இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.