கோவளத்தில் இறங்கியவள்

போன வருடம் ஏப்ரல் மாதம், என் மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்து ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த சமயத்தில் நடந்தது இது. நாங்கள் இருப்பது கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் தாண்டி கேம்ப் ரோடு பக்கம். என் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. வீட்டில் நானும் அவளும் மட்டும்தான்.

காலையில் எங்கள் மெயின் ரோட்டில் போய் நின்றால் காலேஜ் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். எங்கள் பக்கத்தில் பெற்றவர்கள் காலேஜ் தேடுவதில் பாதி அங்கே நின்றுதான். என்ன படிப்பு, எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். "உங்க தெரு முனைக்கு எந்த காலேஜ் பஸ் வருது?" என்பதுதான் முதல் கேள்வி. நானும் பால் வாங்கப் போகும் சாக்கில் நின்று பார்த்தேன். எங்கள் தெரு முனையில் நின்று ஆள் ஏற்றுகிற பஸ் எந்தெந்தக் காலேஜுடையதோ, அவற்றுக்கு மட்டும் விண்ணப்பம் போடுவது என்று முடிவு செய்தேன். காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவள் ஆசை வேறு. கோயம்புத்தூர் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு கல்லூரியில் வனவியல் படிக்க வேண்டும் என்பாள். சொல்லும்போதெல்லாம் "அங்கேர்ந்து நம்ம தெருவுக்கு பஸ் வருமாடி?" என்று கேட்டுச் சிரிப்பேன். ஆரம்பத்தில் அவளும் சிரித்தாள். பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. சம்மதம்தான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

கேளம்பாக்கம் தாண்டியிருந்த ஒரு காலேஜில், சேர நினைப்பவர்கள் வந்து சுற்றிப் பார்ப்பதற்காக ஒரு சனிக்கிழமை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர்கள் பஸ்ஸே எங்கள் தெரு முனைக்கு வந்து ஏற்றிக்கொண்டது. எனக்கு வாயெல்லாம் பல். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளிடம், "பாத்தியா, வீட்டு வாசல்லேர்ந்து வாசல் வரைக்கும்" என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே, "ஆமாம்மா" என்றாள்.

அங்கே பெற்றவர்களை ஒரு ஹாலில் உட்கார வைத்தார்கள். பிள்ளைகளை லேப், லைப்ரரி என்று தனியாகக் கூட்டிப் போனார்கள். "முடிஞ்சதும் நேரா பஸ்ஸுக்கு வந்துடு" என்று சொல்லி அனுப்பினேன். அவளிடம் போன் கிடையாது. பிளஸ் டூ ஆரம்பித்தபோது அவளிடமிருந்து வாங்கி வைத்ததை, ரிசல்ட் வரட்டும் என்று இன்னும் என் கைப்பையிலேயே வைத்திருந்தேன். எங்கள் அபார்ட்மெண்டில் பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால், மைதானத்தில் ஒரே நிறத்தில் வரிசையாக பஸ்கள். எங்கள் பஸ்ஸைக் கண்டுபிடித்து ஏறி, பக்கத்து சீட்டில் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்தேன். ஒவ்வொரு பஸ்ஸாகக் கிளம்பியது. அவள் வரவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார். "மேடம், எல்லாரும் வெயிட் பண்றாங்க. ஒண்ணு செய்ங்க, எறங்கித் தேடிப் பாருங்க. நான் மத்தவங்கள விட்டுடறேன்."

இறங்கினேன். லேப் பூட்டியிருந்தது. கேன்டீனில் நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பாத்ரூம் கதவுகளை எல்லாம் தட்டினேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி, "ஃபிரண்ட்ஸ் கூட போயிருக்கும்மா, இந்தக் காலத்துப் பசங்க" என்றார். அவளுக்கு அங்கே எந்த ஃபிரண்டும் இல்லை. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவளுக்கு போன் போடலாம் என்று கை தானாகப் பைக்குள் போனது. உள்ளே அவளுடைய போன் கிடந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மஸ்கட்டுக்குப் போன் செய்து என்ன சொல்வேன் என்று மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது.

வெகு நேரம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல். "ஹலோ, இன்னாம்மா, பொண்ண வுட்டுட்டு எங்க குந்திகினு கீற? இரு, ஒம் பொண்ணு பேசுது."

"அம்மா, கோவளத்துல இருக்கேன். ஒண்ணும் ஆகல. பஸ் மாறி ஏறிட்டேன்."

ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அழுதேன். ஆட்டோக்காரர் வேகமாக ஓட்டினார்.

கடற்கரையில் படகுகள் நிற்கும் இடத்தில் ஒரு அம்மா மீன் விற்றுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட கூடை மேல் என் மகள் உட்கார்ந்திருந்தாள். பாவாடை ஓரமெல்லாம் மணல். அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகையைப் பார்த்து அந்த அம்மாவுக்குச் சிரிப்பு.

"அடப் போம்மா, பஸ்ஸு மாறி ஏறினதுக்கு இம்மாம் அழுவையா? ஒம் பொண்ணு கெட்டி. நீதான் பேஜாரு." சொல்லிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

நான் பின்னால் எங்கேயோ உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்து ஏறியிருக்கிறாள். பஸ் கோவளம் பக்கம் திரும்பியபோதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அது திருவான்மியூர் போகிற பஸ் என்று. கோவளத்தில் சிலர் இறங்கியபோது இவளும் இறங்கிவிட்டாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டேன், "எறங்கினதும் யார்கிட்டயாவது போன் வாங்கிப் பேச வேண்டியதுதானேடி? இவ்வளவு நேரம் என்ன பண்ணே?"

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "போன் பண்ணா நீ உடனே வந்துடுவேல்ல. அதான் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்."

கோபமில்லை, குத்தலில்லை. பசித்தது, சாப்பிட்டேன் என்பதுபோலச் சொன்னாள். அந்த அம்மாவைப் பார்த்தேன்.

"ஆமாம்மா, அந்தப் படகு நெழல்ல தனியா குந்திகினு இருந்துச்சு. கேக்கலாமான்னு பாத்தேன். அழுவல, ஒண்ணும் இல்ல. சரி குந்தட்டும்னு வுட்டேன். கண்ணு மட்டும் அது மேலயேதான் இருந்துச்சு. அப்பால அதுவே எந்திரிச்சு வந்து, ஆன்ட்டி போன் குடுங்கன்னுச்சு" என்றார். அதற்குள் யாரோ வஞ்சிரம் என்ன விலை என்று கேட்க, அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். கையெடுத்துக் கும்பிட்டேன். "போ போ, புள்ளைக்கு டிபன் வாங்கிக் குடு" என்று கையை ஆட்டினார்.

தாம்பரம் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தோம். வண்டலூர் வந்தபோது உட்கார இடம் கிடைத்தது. பையைத் திறந்து அவள் போனை எடுத்துக் கொடுத்தேன். "அந்த வனவியல் காலேஜுக்கு எப்ப அப்ளை பண்ணணும்?" என்று கேட்டேன். என்னையே பார்த்தாள். பிறகு ரொம்ப நாள் கழித்து அந்தப் பழைய சிரிப்பு. "நம்ம தெருவுக்கு பஸ் வராதேம்மா."

இப்போது அவள் அங்கே முதலாம் ஆண்டு. நான் இன்னும் ஒரு ஆளுக்கு அரிசி அளக்கப் பழகவில்லை, ராத்திரி சோறு மிஞ்சிப்போகிறது. காலையில் பால் வாங்கப் போனால் கால் தானாக நிற்கிறது. எங்கள் தெரு முனையில் பஸ்கள் நின்று மற்றவர்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. ஜன்னலோரங்களில் பாதித் தூக்கத்தில் அந்த முகங்கள். சாயங்காலம் திரும்பி வருமே என்று மனசு ஏங்கத்தான் செய்கிறது.

தினமும் இருட்டும் நேரத்தில் அவள் கூப்பிடுவாள். சில நாள் தாமதமாகும். அப்போதெல்லாம், எங்கேயோ ஒரு மர நிழலில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், உட்காரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, போனைக் கையில் வைத்தபடி அவளாக எழுந்து வந்து கூப்பிடும் வரை காத்திருக்கிறேன்.