கேக் வேகும் நேரத்தில் வந்த அழைப்பு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று நினைக்கிறேன். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீடு. அந்த மாலையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வனிலா வாசம்தான். மற்றதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக, அரைத்தூக்கத்தில் கண்டது போல மெல்ல வந்து சேரும்.

அப்போது நான் கொட்டாஞ்சேனையில் இருந்தேன். கலியாணம் ஆகவில்லை. வீடு வீடாகப் போய்ச் சமைத்துக் காட்டி, அடி கனத்த ஸ்டீல் பாத்திரங்கள் விற்பது என் வேலை. ஒரு வீட்டுக்கார அம்மா தன் அயலவர்களையும் தெரிந்தவர்களையும் அழைத்து வைப்பார். நான் பெரிய பையோடு பஸ்ஸில் போய் இறங்கி, அவர்கள் கண் முன்னாலேயே சோறு, பருப்பு, மரக்கறி, கூடவே அவண் அடுப்பு இல்லாமலே ஒரு கேக் என்று எல்லாம் செய்து காட்டுவேன். சாப்பிட்டுப் பார்க்கிறவர்களில் சிலராவது ஓர்டர் கொடுத்தால்தான் எனக்குப் பிழைப்பு.

இந்த வேலையில் சமையல் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நேரம்தான் வித்தை. கேக் கலவையை முதலில் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். அது மெல்லிய நெருப்பில் தன்பாட்டில் வேக, பக்கத்து அடுப்பில் மற்றதைச் செய்ய வேண்டும். வாசம் எழும்பி எல்லார் மூக்கும் சட்டிப் பக்கம் திரும்பும்போது விலையைச் சொல்ல வேண்டும். முந்திச் சொன்னால் பயந்துவிடுவார்கள். பிந்திச் சொன்னால் வயிறு நிறைந்து, ‘வாறம் பிள்ளை’ என்று செருப்பைத் தேடுவார்கள். நம் ஆட்கள் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள் என்பதால் அரை மணித்தியாலம் முன்தள்ளியே நேரம் சொல்லிவைப்பேன். யாராவது ஊர்க்கதை தொடங்கினால் கையில் வெங்காயத்தையும் கத்தியையும் கொடுத்துவிடுவேன். கண்ணில் தண்ணீர் வந்தால் கதை தானாக நின்றுவிடும்.

பொழுது படுவதற்குள் எல்லாரையும் அனுப்பியும் வைக்க வேண்டும். போர்க்காலம், இருட்டினால் சந்திக்குச் சந்தி ஆமியின் செக்கிங். வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்களைத்தான் முதலில் மறித்து விசாரிப்பார்கள். இதையெல்லாம் பிசகாமல் செய்து முடிப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்ததென்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றும் இங்கே முடித்துக்கொண்டு தெஹிவளையில் இன்னொரு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன்.

அந்த வீட்டு அன்ரி யாழ்ப்பாணத்தவர். என்னை ஒருமுறை எங்கோ கண்டுவிட்டு, ‘எங்கட வீட்டிலயும் வந்து செய்து காட்டுங்கோ’ என்று விடாமல் கேட்டவர். ஏன் அவ்வளவு ஆசை என்று போன பிறகுதான் விளங்கியது. அவருடைய ஒரே மகன் ஏஜென்சிக்குக் காசு கட்டி ஐரோப்பாவுக்கென்று புறப்பட்டுப் போய்ப் பல மாதங்கள். ஒரு தகவலும் இல்லை. தான் மார்க்கெட்டுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அவன் அழைத்துவிட்டால் என்ற பயத்தில் அன்ரி படியிறங்குவதையே விட்டுவிட்டார். அதனால் ஆட்களை வீட்டுக்கு வரவழைத்துப் பொழுது போக்கினார்.

அந்த நாட்களில் எல்லார் வீட்டிலும் தொலைபேசி இல்லை. அன்ரி வீட்டு நம்பரைத்தான் அந்த ஒழுங்கையில் பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்த தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு வந்திருந்த பெண்கள் எல்லாருமே அப்படி நம்பர் கொடுத்தவர்கள். பூத்தையல் போட்ட துணி விரித்து, சாமிப் படத்துக்குக் கீழே தொலைபேசியை வைத்திருந்தார் அன்ரி.

“இந்தச் சட்டிக்கு எண்ணெய் தேவையே இல்ல, பாருங்க” என்று நான் தொண்டை கிழியச் சொல்கிறேன். அவர்கள் தலையாட்டுகிறார்கள், தொலைபேசியைப் பார்த்து. எனக்கு எரிச்சல் வந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அதன் பக்கத்தில் வைத்தாலாவது பார்ப்பார்களோ என்று யோசித்தேன்.

ஒருவர் மட்டும் சட்டியைப் பார்த்தார். லொட்ஜில் தங்கியிருந்த ஓர் அக்கா. ஒல்லியான உருவம், மெல்லிய குரல். லொட்ஜில் சமைக்க விடமாட்டார்கள். இவர் சட்டி வாங்கி என்ன செய்யப் போகிறார் என்று மனதுக்குள் கழித்துவிட்டிருந்தேன். அவரோ, “எப்பிடிப் பிள்ளை இது அடிப்பிடிக்காமல் வருது?” என்று கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மகனும் அதே ஏஜென்சியில், அன்ரியின் மகனோடு ஒன்றாகப் புறப்பட்டவனாம். பக்கத்திலிருந்த பெண் என் காதில் சொன்னார்.

பருப்புச் சட்டியின் மூடித் துளையால் ஆவி சீறிக்கொண்டிருந்தது. கீழே கடலோரம் ரயில் தடதடத்துப் போனது. அந்தச் சத்தங்களுக்குள் தொலைபேசி மணி அடித்தது.

அன்ரி ஓடிப்போய் எடுத்தார். “ஹலோ, ஹலோ, ஆர் கதைக்கிறது?” என்று கத்தினார். பிறகு ரிசீவரைக் கையில் பிடித்தபடி எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“அம்மா எண்டு மட்டும் கேட்டுது. கட்டாயிட்டுது.”

“உங்கட தம்பியோ?” யாரோ கேட்டார்கள். மகனைத்தான் ‘தம்பி’ என்பது யாழ்ப்பாண வழக்கம்.

“தெரியேல்லை. என்ர பிள்ளையின்ர குரல் மாதிரியும் இருந்துது, இல்லாத மாதிரியும் இருந்துது.”

லொட்ஜ் அக்கா எழுந்து நின்றார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். அன்ரி அவரைப் பார்த்தார், அவர் அன்ரியைப் பார்த்தார். மற்றவர்களின் பிள்ளைகள் அந்த வாரம்தான் அழைத்திருந்தார்கள், அதனால் அந்த ஒரு சொல் இவர்கள் இரண்டு பேரில் ஒருவருக்கு உரியது என்று அறையில் எல்லாருக்கும் விளங்கியது.

“திரும்ப எடுப்பான்” என்றார் அன்ரி. எந்த ‘அவன்’ என்று சொல்லவில்லை.

நான் பருப்பை அணைத்தேன். மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டது, அதையும் நிறுத்தினேன். கேக் சட்டிக்குள்ளும் ஏதோ கொதிப்பது போல் மெல்லிய சத்தம். பாதியில் அணைத்தால் கேக் நடுவில் குழிந்துபோகும், குழிந்த கேக்கைக் காட்டி ஒருவருக்கும் சட்டி விற்க முடியாது. அதையும் அணைத்தேன். தெஹிவளைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைவு வந்தது, வந்த மாதிரியே போனது.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் இருந்தோம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நேரத்தையே விற்றுப் பிழைத்த நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. ஜன்னலால் மஞ்சள் வெயில் வந்து தரையில் படுத்திருந்தது. கடல் இரைந்தது. வனிலா வாசம் அறையில் கனத்துத் தொங்கியது. வியர்வை வழிந்தும் ஒருவரும் விசிறிக்கொள்ளவில்லை. நாங்கள் எல்லாரும் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. இருட்டப் போகிறதே என்று ஒருவர்கூட எழுந்து போகவில்லை. யாருடைய பிள்ளையென்று தெரியாமலே எல்லாரும் ஒரு பிள்ளைக்காகக் காத்திருந்தோம்.

மறுபடி மணி அடித்தது.

அன்ரி கை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். “அக்கா, நீங்க எடுங்கோ.”

“ஐயோ, உங்கட வீடு. நீங்கதான் எடுக்கவேணும்.”

“இல்லையக்கா, உங்கட தம்பியாத்தான் இருக்கும்.”

“உங்கட பிள்ளையா இருந்தால்? எடுங்கோ.”

பந்தியில் முதலில் நீங்கள் உட்காருங்கள், இல்லை நீங்கள் உட்காருங்கள் என்று மல்லுக்கட்டுவோமே, அதே மாதிரி. மணியோ அடித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு பேருக்கும் மரியாதை பெரிதில்லை, பயம்தான் என்று இன்று விளங்குகிறது. அன்று எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டால் நின்றுவிடும். பாய்ந்து போய் நானே எடுத்தேன்.

“தம்பி, வைச்சிராதீங்க! உங்க அம்மா பேர் என்ன? அதை மட்டும் சொல்லுங்க!”

இரைச்சலுக்கு அப்பாலிருந்து ஒரு பெயர் சொன்னான். அது அன்ரியின் பெயர் இல்லை.

நிமிர்ந்தேன். இரண்டு முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. எத்தனையோ வீடுகளில் எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று கணக்காகச் செய்த நான் அன்று ரிசீவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவரிடம் கொடுத்தால் மற்றவரிடம் கொடுக்கவில்லை என்றுதானே அர்த்தம். அன்ரியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் லொட்ஜ் அக்காவிடம் நீட்டினேன்.

“அப்பு!” என்று மகனைக் கூப்பிட்டார் அவர். அவ்வளவுதான், குரல் உடைந்துவிட்டது. அன்ரி ஒரு கதிரையை இழுத்து வந்து அவரை உட்கார வைத்தார். தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

மாதக்கணக்காகக் கேட்காத குரல். சாப்பிட்டாயா, எங்கே நிற்கிறாய், குளிருக்குப் போட உடுப்பு இருக்கிறதா என்று கேட்பார் என்று பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“அப்பு, உன்னோட வந்த மற்றத் தம்பி எங்க? இஞ்ச அவற்ற அம்மா என்ர பக்கத்தில நிக்கிறா. அதை முதல் சொல்லு.”

அவன் ஏதோ சொன்னான். இவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். எப்போது கண்டாய், எப்படி இருந்தார், காய்ச்சல் கீய்ச்சல் ஒன்றும் இல்லையே என்று துருவித் துருவிக் கேட்டார். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக அன்ரிக்குச் சொன்னார்.

“ஏஜென்சிக்காரங்கள் ரெண்டு பகுதியாப் பிரிச்சவங்களாம். இவையள் முன்னால வந்திட்டினமாம். உங்கட தம்பி மற்றப் பகுதியோட பின்னால வாறாராம். கடைசியாக் காணேக்க நல்ல சுகமா இருந்தவராம். சிரிச்சுக் கையசைச்சவராம்.”

“சிரிச்சவராமோ?” என்றார் அன்ரி.

“ஓம், சிரிச்சவராம்” என்று சொல்லிவிட்டு, “அப்பு, நீ...” என்று தொடங்கினார். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. ஹலோ, ஹலோ என்று இரண்டு மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக வைத்தார்.

“ஐயோ அக்கா, உங்கட பிள்ளையோட நீங்கள் ஒண்டும் கதைக்கேல்லையே” என்று அன்ரி அழுதார்.

“குரலைக் கேட்டிட்டன்தானே” என்றார் அவர்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். நானும் அழுதேன். யாரோ விளக்கைப் போட்டார்கள். குழிந்த கேக்கை வெட்டிக் கொடுத்தேன். கொஞ்சம் பச்சையாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. விலையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லொட்ஜ் அக்காவும் மற்றப் பெண்களும் ஒருவரையொருவர் கை பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். தெஹிவளைக்கு நான் போகவில்லை.

அன்ரியின் மகனும் பிறகு போய்ச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னார்கள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. நான் ஆசைப்பட்டு ஆசைப்பட்டு உண்மையென்று நம்பிவிட்ட கனவாகவும் இருக்கலாம். அடுத்த தடவை போனபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

இப்போது என் மகள் வெளிநாட்டில் படிக்கிறாள். தினமும் முகம் பார்த்துக் கதைக்கிறோம், நேரத்துக்குக் கட்டுப்பாடே இல்லை. அவளோடு அறையில் தங்கியிருக்கும் பிள்ளை சாப்பிட்டாளா, சுகமாக இருக்கிறாளா என்று விசாரிக்காமல் மட்டும் நான் ஒருநாளும் வைப்பதில்லை, அந்தப் பிள்ளையின் குரலுக்காகவும் எங்கோ ஓர் அம்மா காத்துக்கொண்டிருப்பார்தானே.