கொச்சங்காடி ஜங்ஷன்

போன மாதம் என் மருமகள் என்னை ஒரு காப்பிக் கடைக்குக் கூட்டிப்போனாள். கடை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், கஃபே என்று சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரியில் பழைய கிடங்கெல்லாம் இப்போது கஃபே ஆகிக்கொண்டிருக்கிறது. சுவரில் காரை பெயர்ந்திருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு மேலே ஒரு மஞ்சள் விளக்கைத் தொங்கவிடுகிறார்கள். தெருவிளக்குப் பிரிவில் முப்பது வருடம் கம்பம் ஏறியவன் நான். மஞ்சள் விளக்கைப் பார்த்தால் எனக்கு அழகு தெரியாது, வேலை ஞாபகம்தான் வரும்.

காப்பிக்கொட்டை அரைக்கிற இயந்திரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் கண்ணை மூடி, "என்ன வாசன மாமா!" என்றாள். எனக்கு வந்தது வேறு வாசனை. சின்ன மோட்டார் ஒன்று அளவுக்கு மீறிச் சூடாகி, உள்ளே கம்பிச் சுருளின் மேல்பூச்சு இளகத் தொடங்கும் வாசனை. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் அதற்கு மேலே இருந்த அலமாரியைப் பார்த்தேன்.

பச்சை நிற ரயில் எஞ்சின். ஒரு சாண் நீளம்கூட இருக்காது. முன்பக்கத்தில் மோதலைத் தாங்கும் பஃபர்கள் இரண்டு இருக்க வேண்டும். இடது பக்கத்தது போய், அந்த இடத்தில் ஒரு பித்தளைக் குமிழ் ஆணி இருந்தது. அந்த ஆணியை அடித்தவன் என் கூட்டாளி இஸ்மாயில். ஆணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். என் கட்டைவிரலில் ஒரு அடி விழுந்த அடையாளம் இன்றும் இருக்கிறது.

கையை நீட்டினேன். கடைப் பையன் ஓடிவந்து, "சாரே, தொடண்டா. ஷோ பீஸாணு" என்றான். தொடக் கூடாதாம், அலங்காரப் பொருளாம். சக்கரங்களைப் பலகையோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். மருமகள் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். காப்பியை நான் குடிக்கவில்லை.

அந்தக் கட்டடம் அப்போது மிளகுக் கிடங்கு. கீழே மூட்டைகள், பக்கத்தில் சுக்கு. மாடியில் உடைந்த தராசுகளும் எலிகளும். இஸ்மாயில் அங்கே மூட்டைக் கணக்குப் பார்க்கிற வேலையில் இருந்தான். என்னைப் போலவே அவனும் கொச்சங்காடியில் பிறந்த தமிழன், ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. இரண்டு பேருக்கும் இருபத்தாறு வயது. முதலாளி மாடிச் சாவியை அவனிடம் விட்டுவைத்திருந்தார். அவனுடைய அண்ணன் காதர் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவர். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறங்கியபோது தம்பிக்கு விளையாட்டு ரயிலின் ஒரு தண்டவாளத் துண்டும் இரண்டு பெட்டிகளும் வாங்கி வந்தார். எல்லாம் அதிலிருந்து ஆரம்பித்ததுதான்.

பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால் இஸ்மாயிலுக்கு மூக்கு சிவந்துவிடும். "மாடல்னு சொல்லு" என்பான். என் அம்மாவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. "ரெண்டு தடியனுங்க ஒக்காந்து கூ கூன்னு வண்டி விடுதுங்க. கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப் போகும்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணம் பண்ணி வைத்தார்கள், சரியாகவில்லை.

தேயிலை வந்த மரப்பெட்டிகளைப் பிரித்து மேஜை செய்தோம். உதிர்த்த மிளகுத் தண்டுகளுக்குப் பச்சைச் சாயம் தோய்த்து மரங்கள் நட்டோம். சரக்குப் பெட்டிகளில் உண்மையான மிளகு. துறைமுகம் இருக்கும் தீவான ஐலண்டுக்குப் போகிற ரயில் பாலத்தை மாதிரி வைத்து ஒரு பாலம் கட்டி, அதற்கு ஏறுவதற்கு ஒரு மேடும் போட்டோம். கொச்சங்காடிக்கு எந்தக் காலத்திலும் ரயில் வந்ததில்லை. வராத ஊருக்கு நாங்கள் ஜங்ஷனே கொடுத்தோம். நிலையத்துக்கு மூன்று மொழியில் பெயர்ப்பலகை. மலையாளத்தை நான் எழுதினேன். தமிழை இஸ்மாயில் எழுதினான். என் தமிழ் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "எடா, வண்டியே பயந்து நிக்காது" என்று சொல்லிவிட்டான்.

பாலத்தில் விளக்குப் போட்டது நான். "மட்டாஞ்சேரி பூராம் இருட்டு. இவன் பாலத்துல மட்டும் லைட்டு எரியும்" என்று கேலி செய்வான். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலை தண்டவாளம் துடைப்பது. உப்புக் காற்றில் ஒரே வாரத்தில் கறுத்துவிடும், கரண்ட் போகாது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அங்குலம் அங்குலமாகத் துடைப்போம். மண்ணெண்ணெய் நாற்றமும் மிளகுத் தூசியும் சேர்ந்து இரண்டு பேரும் மாறி மாறித் தும்முவோம். துடைத்து முடித்து, சாயா குடித்துவிட்டு, மத்தியானம் படகேறி ஐலண்டுக்குப் போவோம். அங்கே ஹார்பர் டெர்மினஸில் உண்மையான வண்டி நிற்கும். பெரியவர்கள் கோயிலுக்குப் போகிற மாதிரி நாங்கள் அதைப் பார்க்கப் போவோம்.

அந்தப் பச்சை எஞ்சினைக் காதர் அண்ணன் மூன்றாவது வருடம் கொடுத்து அனுப்பினார். அதற்கு முன்னால் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். ஒரு தடவை அவர் வீட்டுக்குப் புத்தம் புதுசு என்று சொல்லி ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் உள்ளே யாரோ எப்போதோ ரிப்பேர் செய்த தழும்பு. அவர்களுடைய அத்தா சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். காதர் அண்ணனுக்கு அது ஆறாத புண். எஞ்சினோடு வந்த கடிதத்தில், "இது புதுசு. கடைக்காரன் என் கண் முன்னால் பெட்டியைப் பிரித்தான். அத்தா மேல் ஆணை" என்று எழுதியிருந்தார். இஸ்மாயில் அந்தக் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினான். அன்றைக்கு அவனுக்குக் கண் கலங்கியது.

எங்கள் மாடியில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. எஞ்சினைத் திறந்தால் இரண்டு பேரும் இருக்க வேண்டும். காரணம், அந்தக் காலத்து மோட்டார்களுக்குள் இருந்த காந்தம். தீப்பெட்டியில் பாதி அளவுதான். அதை வெளியே எடுக்கும்போது இரண்டு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டால் சேர்த்து மூடிக்கொண்டே எடுக்க வேண்டும். வெறுமனே உருவினால் அதன் வலு இறங்கிவிடும், அப்புறம் ஏறாது. ஒருத்தன் உருவ வேண்டும், ஒருத்தன் இரும்பை நெருக்கிப் பிடிக்க வேண்டும். உடைந்த கீல் ஒன்றிலிருந்து அறுத்தெடுத்த அந்த இரும்புத் துண்டுக்குத் தாழ்ப்பாள் என்று பெயர் வைத்திருந்தோம். அது எப்போதும் இஸ்மாயில் சட்டைப்பையில் இருக்கும்.

அந்த வருடம் காதர் அண்ணன் லீவில் வந்தார். மறுநாள் மாடிக்கு வருவதாகச் சொன்னார். எட்டுப் பெட்டி நிறைய மிளகை இழுத்துக்கொண்டு அந்த எஞ்சின் மேடேறிப் பாலத்தைத் தாண்டும். அதை அவருக்குக் காட்ட வேண்டும் என்று இஸ்மாயில் குதித்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் அவன் அண்ணனோடு கலூருக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டான். சாவி என்னிடம். எஞ்சினைச் சுத்தமாகக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தால் நாளைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும், இஸ்மாயில் அசந்துபோவான் என்று நினைத்தேன். என் கை பட்டால் ஓடாத எஞ்சின் கிடையாது என்ற திமிரும் இருந்தது. அந்தத் திமிரை அப்போது நான் நட்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாழ்ப்பாள் அவன் பையில் கலூருக்குப் போயிருந்தது. வேறு இரும்புத் துண்டு தேடியிருக்கலாம். அந்த மாடியில் இரும்புக்கா பஞ்சம்? ஒரு நொடிதானே, சட்டென்று எடுத்துச் சட்டென்று வைத்துவிடலாம் என்று உருவிவிட்டேன்.

துடைத்துத் திரும்ப வைக்கும்போது ஸ்க்ரூ டிரைவரைக் காந்தத்தின் அருகில் கொண்டுபோனேன். முன்பெல்லாம் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். அன்றைக்கு லேசாகத் தொட்டுவிட்டு நழுவி விழுந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் திரும்ப மாட்டி, பெட்டிகள் இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். முன்பைவிட வேகமாக ஓடியது. காந்தம் தளர்ந்தால் வெறும் எஞ்சின் அப்படித்தான் ஓடும், சுமையை இழுக்கத்தான் தெம்பிருக்காது. இதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும், வேகமாக ஓடுகிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டு பூட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காதர் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். வண்டி ஜங்ஷனை விட்டுக் கிளம்பி, மேட்டில் பாதி ஏறி, நின்றது. இஸ்மாயில் கரண்டைக் கூட்டினான். எஞ்சின் நின்ற இடத்திலேயே முனகியது. பிறகு அந்த வாசனை வந்தது.

இஸ்மாயில் எஞ்சினைத் தூக்கினான், விரல் சுட்டுக் கீழே வைத்தான். "போன வாரம் இதே எட்டுப் பெட்டிய இழுத்துச்சே" என்று என்னைப் பார்த்தான். நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். அவன் மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, நேராச் சொல்லு. இது பழசுதானே?"

"சீல் பொட்டிக்காத பெட்டிடா, என் முன்னாலதான் ஒடச்சான்."

"டேப் ரெக்கார்டரும் அப்படித்தான சொன்னே?"

காதர் அண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்கு எதுவும் தெரியாது. அறையில் இருந்த மூன்றாவது ஆள் தனக்காக ஒரு வார்த்தை சொல்வானா என்று பார்த்தார், அவ்வளவுதான். என் வாயில் அந்த வார்த்தை இருந்தது. சொன்னால் சாவி போய்விடும், ஞாயிற்றுக்கிழமை போய்விடும், கைராசிக்காரன் என்ற பேர் போய்விடும். நான் குனிந்து, கவிழாத ஒரு பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"அத்தா மேல ஆணைன்னு எழுதினேன்ல" என்று மட்டும் சொன்னார். படியிறங்கிப் போனார். லீவு முடிவதற்கு முன்பே கப்பலுக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்மாயில் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனுக்கு ஏரோகிராமில், மடித்து ஒட்டுகிற அந்த வெளிநாட்டுத் தபால் தாளில், கடிதம் எழுதினான். எழுதி முடித்து என் பக்கம் நகர்த்தினான். "கீழ கொஞ்சம் எடம் விட்டிருக்கேன். நீ ஏதாச்சும் எழுதறியா?" என்றான். நான் பேனாவை வாங்கி, என் கோணல் எழுத்தில், "நலம். நலமறிய ஆவல்" என்று எழுதினேன். அவன் அதை வாங்கிப் படித்தான். எச்சில் தொட்டு ஒட்டினான்.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் வண்டி ஓட்டினோம். நான் எந்த மோட்டாரைத் தொட்டாலும் அவன் தாழ்ப்பாளை எடுத்து என் முன்னால் வைப்பான். பழக்கம் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்று சொல்வதுதான் சரி. பிறகு கிடங்கு கைமாறியது. ரயிலை எடுத்துப்போகச் சொன்னார்கள். "எனக்கு வேண்டாம், ஒனக்கு வேணும்னா எடுத்துக்கோ" என்றான். நானும் எடுக்கவில்லை. காதர் அண்ணன் கப்பல் வேலையை விட்டுக் கரையேறி மனைவியின் ஊரோடு போய்விட்டார். நான்கு வருடத்துக்கு முன் இறந்தார். மய்யித்துக்குப் போன இஸ்மாயில் உள்ளே போகாமல் ஊர்க்காரர்களோடு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியதாகக் கேள்விப்பட்டேன்.

கஃபேயிலிருந்து வந்த பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. மூன்றாம் நாள் களமசேரிக்குப் பஸ் ஏறினேன். இஸ்மாயில் அங்கே மகள் வீட்டில் இருக்கிறான். முழங்கால் போய்விட்டது. பால்கனியில் உட்கார்ந்தால் ரயில் பாதை தெரியும். நாற்காலியை அதற்கு முதுகு காட்டிப் போட்டிருந்தான்.

சாயா வந்தது. எஞ்சினைப் பார்த்ததைச் சொன்னேன். பசை போட்டு ஒட்டியதைச் சொன்னேன். பிறகு சொன்னேன்: "நான்தான்டா தொறந்தேன். தாழ்ப்பாள் இல்லாம."

அவன் பிஸ்கட்டைச் சாயாவில் முக்கிக்கொண்டிருந்தான். "தெரியும்" என்றான்.

"எப்போ?"

"அடுத்த ஞாயித்துக்கிழமையே. நீ வர்றதுக்கு முன்னாடி கழட்டிப் பாத்தேன். ஸ்க்ரூ டிரைவர் ஒட்டல. சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன்டா அண்ணன்கிட்ட சொல்லல?"

"மாப்பு கேட்டு எழுதினேனே. தப்பா சொல்லிட்டேன்னு எழுதினேன். எதனால தப்புன்னு எழுதல. அது நான் எழுதினா ஒன்னக் காட்டிக்குடுத்த மாதிரி ஆகும்." பிஸ்கட் உடைந்து சாயாவில் விழுந்தது. அதை ஸ்பூனால் எடுக்கப் பார்த்தான், வரவில்லை. "எடம் விட்டிருந்தேன்ல" என்றான்.

அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவன் மேலா, என் மேலா என்று பிரிக்க முடியாத எரிச்சல். இரண்டு வருடம் ஞாயிறுதோறும் என் எதிரில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறான். நான் தண்டவாளம் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கிளம்பும்போது, அடுத்த வாரம் வரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்டா. வந்து என்னத்த ஓட்டப் போறோம்" என்றான்.

ஹார்பர் டெர்மினஸுக்கு இப்போது வண்டி கிடையாது. தண்டவாளத்தின் மேல் புல் நிற்கிறது. கிடங்கில் மிளகு வாசனை போய்விட்டது. ஜங்ஷன் பலகையை யார் அடுப்பில் வைத்தார்களோ. நேற்று தபால் ஆபீஸ் பக்கம் போனவன், சும்மா, ஏரோகிராம் இருக்கிறதா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "யாருக்கு அங்கிள்?" என்றாள். சொல்ல ஆள் இல்லாமல் திரும்பி வந்தேன்.